ராக் குழுவில் ஒரு கீபோர்டு கலைஞர்: பதினோரு வருட நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு ராக் குழுவில் பதினோரு வருடம் கீபோர்டு வாசித்த ஒருவரைப் பற்றிய பதிவு. அந்தப் பதினோரு வருடமும் நான்தான் அந்தக் குழுவின் சவுண்ட் இன்ஜினியர். மேடையில் அவர் வாசித்த ஒவ்வொரு ஸ்வரமும் என் மிக்ஸர் வழியாகத்தான் வெளியே போனது. அதனால் நடந்தவற்றில் பாதிக்கு நான் சாட்சி, சிலவற்றுக்கு நானே காரணம். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். எழுதியதை அவரிடம் கொடுத்து, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன். அவர் முக்கியமாகக் கேட்டுக்கொண்டது: "யாரையும் கெட்டவங்களா காட்டிடாதீங்க."

அவர் ஏழு வயதிலிருந்து மேற்கத்திய பியானோ கற்றவர். குழுவுக்குள் வரும்போது வயது இருபத்தொன்று. அதற்கு முன்பே மூன்று வருடமாக அந்தக் குழு நான்கு பேராக ஓடிக்கொண்டிருந்தது: கிட்டாரும் வாசிக்கும் பாடகர், லீட் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ். இரண்டு பாட்டுக்கு ஆர்கன் ஒலி வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டார்கள். வந்தார், வாசித்தார், அடுத்த ஒத்திகைக்கும் வந்தார், அப்படியே தங்கிவிட்டார். அவர் குழுவில் ஒருவரா, கூப்பிட்டால் வந்து வாசிப்பவரா என்று யாரும் பேசவில்லை. அப்போது அது பேசவேண்டிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை.

முதல் வருடம்: சத்தத்துக்குள் இடம் தேடியது

முதல் ஆறு மாதம் நிகழ்ச்சிகள் மோசமாக ஒலித்தன. அதற்குக் காரணம் அவருடைய திறமைதான் என்று சொன்னால் விசித்திரமாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான். பியானோவில் வளர்ந்தவர்களுக்கு 88 கட்டைகளும் அவர்களுடைய சொந்த நிலம். இடது கை கீழே அடித்தளம் போடும், வலது கை மேலே பாடும். ராக் குழுவில் அந்த அடித்தளத்தில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கிறார்கள். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது, கிட்டாரின் தாழ்ந்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸில். அவருடைய இடது கை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவிலும் அதற்குச் சற்று மேலேயும் உலவிக்கொண்டிருந்தது. கேட்பவர்களுக்கு பேஸும் புரியாது, கீபோர்டும் புரியாது, கலங்கிய தண்ணீர் மாதிரி ஒரு சத்தம்தான் வந்து சேரும்.

நான் என்ன செய்தேன் என்றால், மிக்ஸரில் அவருடைய ஒலியில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததை வெட்டிவிட்டேன். வெட்டியது சரி, அவரிடம் சொல்லாமல் விட்டதுதான் தவறு. தான் வாசிப்பது வெளியே கேட்கவில்லை என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. அதனால் இன்னும் பலமாக வாசித்தார், மேடையில் தன் ஆம்ப்ளிஃபையரை ஏற்றினார், அதைக் கேட்டு கிட்டார்காரர் தன்னுடையதை ஏற்றினார், டிரம்மர் இருவருக்கும் மேலே கேட்கவேண்டும் என்று இன்னும் ஓங்கி அடித்தார். நான்கு மாதம் இப்படியே போனது.

முடிச்சு அவிழ்ந்தது ஒரு ஒத்திகையில். ஒவ்வொருவர் வாசிப்பையும் தனித்தனி ட்ராக்கில் பதிவு செய்து எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். பேஸும் கீபோர்டின் இடது கையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்ததை அவரே முதலில் கண்டுபிடித்தார். பாடகர் தயங்கித் தயங்கி, "இடது கையை மட்டும் கொஞ்சம் சும்மா வச்சுப் பாரேன்" என்றார். அவர் பேசாமல் எழுந்து போய், இடது கையைக் கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, அந்த இரண்டரை மணி நேர ஒத்திகை முழுவதையும் வலது கையால் மட்டும் வாசித்தார். பழக்கத்தில் கை வெளியே வரப் பார்க்கும், அவர் அதை மறுபடி உள்ளே தள்ளுவார். மூன்றாவது பாட்டின் நடுவில் நான்கு பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். முதல் முறையாக எல்லாமே தனித்தனியாகக் கேட்டது.

அன்றைக்கு இன்னொன்றும் புரிந்தது. ராக் கிட்டாரில் டிஸ்டார்ஷன் (ஒலியை உறுமவைக்கும் விளைவு) போட்டு வாசிக்கும்போது, கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின், மூன்றாம் ஸ்வரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், முதல் ஸ்வரமும் ஐந்தாம் ஸ்வரமும் மட்டும்தான் இருக்கும், இதைத்தான் பவர் கார்டு என்கிறோம். டிஸ்டார்ஷன் என்பது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களுக்கு இடையில் புதிய அதிர்வெண்களை உண்டாக்கும். முதலும் ஐந்தும் சேர்ந்தால் அவை பொருந்திப் போகின்றன, மூன்றாவது நுழைந்தால் கரகரத்துவிடும். ஆனால் மேஜரா மைனரா என்று ஒரு கார்டின் மனநிலையைத் தீர்மானிப்பது அந்த மூன்றாவதுதான். கிட்டார் விட்டுவைத்த அந்த ஒரு ஸ்வரத்தைத் தெளிவான ஆர்கன் ஒலியில், நடு ஸி-க்குப் பக்கத்தில் அவர் வலது கை வைக்கிறது. பாட்டு சோகமா சந்தோஷமா என்பதை அந்த ஒரு ஸ்வரம் முடிவு செய்கிறது. கேட்பவர்களில் பலருக்கு அது கீபோர்டு என்றே தெரியாது, எடுத்துவிட்டால் மட்டும் ஏதோ குறைகிறது என்பார்கள். கீபோர்டு கலைஞருடைய வேலையின் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான், பின்னால் வந்த பிரச்சினைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனையே கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக விட்டு, கிட்டாருக்குச் சமமாக உறுமவைத்தார். நம்மவரும் ஒரு மாதம் அதை முயன்றார். அங்கே ஒரே ஒரு கிட்டார்தான், எங்களிடம் இரண்டு. இடம் போதவில்லை, விட்டுவிட்டோம்.

அதற்குப் பதிலாக அவர் பிடித்துக்கொண்டது லெஸ்லியை. ஹேமண்டின் ஒலியைச் சுழலவைக்கும் ஸ்பீக்கர் அது, மெதுவாக ஒரு வேகம், விரைவாக ஒரு வேகம். அசல் ஹேமண்ட் பி-3 பெஞ்சும் பெடலும் சேர்த்து ஏறக்குறைய 190 கிலோ, அதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால் அதே ஒலியைத் தரும் நவீன கீபோர்டுதான் வைத்திருந்தார். அதிலும் சுழற்சி உடனே வேகமெடுக்காது, சற்று நேரம் பிடிக்கும். அதனால் பல்லவி வெடிக்கவேண்டிய இடத்துக்கு ஒன்றிரண்டு தாள அடி முன்பே சுவிட்சைத் தட்டிவிடவேண்டும். விரல் அசையாமல் ஒரே கார்டைப் பிடித்திருப்பார், இடது கைக் கட்டைவிரல் மட்டும் சுவிட்சுக்குப் போகும், பாடகர் வாய் திறக்கிற கணத்தில் ஆர்கன் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். எத்தனை தடவை கேட்டிருந்தாலும் அந்த இடம் எனக்குச் சிலிர்க்கும்.

மூன்றாம் வருடம்: பேஸ் இல்லாத எட்டு மாதம்

பேஸ் கிட்டார் வாசித்தவர் திடீரென்று விலகினார். கையில் பன்னிரண்டு நிகழ்ச்சிகள் ஒப்புக்கொண்டிருந்தோம். "பேஸை நான் இடது கையில் பார்த்துக்கறேன்" என்று கீபோர்டுக்காரர் முன்வந்தார். டோர்ஸ் குழுவில் மேடையில் பேஸ் கிட்டார் கிடையாது, ரே மன்சாரெக் இடது கையால் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸில் வாசித்துக்கொண்டே வலது கையால் ஆர்கன் வாசித்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். நாங்களும் அதைச் சொல்லி எங்களையே சமாதானம் செய்துகொண்டோம். அதே குழு ஸ்டுடியோவில் பல பாடல்களுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கத் தனியாக ஆள் வைத்துக்கொண்டது என்பதையும், மன்சாரெக் பேஸ் வாசித்தது ஆர்கனின் மேலேயே வைத்த ஒரு சின்னக் கருவியில் என்பதையும் நாங்கள் யோசிக்கவில்லை.

நம்மவர் பேஸ் வாசித்தது பியானோ மாதிரியே கனமான கட்டைகள் கொண்ட 88 கட்டை கீபோர்டில், அதுவும் நின்றுகொண்டு. கீழ்த்தட்டில் அது, மேல்தட்டில் ஆர்கன். நிமிடத்துக்கு 140 அடி வேகத்தில் அடிக்கு இரண்டு ஸ்வரம் வீதம் போகும் பேஸ் என்றால் நிமிடத்துக்கு 280 அழுத்தல், நான்கு நிமிடப் பாட்டுக்கு 1,120. இத்தனையும் கட்டைவிரலும் இன்னும் இரண்டு விரல்களும் மட்டும் செய்தன, மணிக்கட்டு கீழ்நோக்கி மடங்கிய நிலையில்.

மூன்றாம் மாதமே காலையில் எழுந்தால் இடது கட்டைவிரலின் அடியில் வலி இருந்தது என்று பிறகுதான் சொன்னார். பாட்டில் மூடியைத் திறக்க வலது கைக்கு மாறிக்கொண்டாராம். ஐந்தாம் மாதம் எனக்கே ஒரு தடயம் கிடைத்தது. ஒத்திகைகளை மிடியில் பதிவு செய்து வைத்திருந்தேன், ஒவ்வொரு கட்டையும் எவ்வளவு பலமாக அழுத்தப்பட்டது என்பது அதில் 127 வரையிலான எண்ணாகத் தெரியும். ஆரம்பத்தில் 100-ஐ ஒட்டி இருந்த அவருடைய பேஸ், ஒத்திகையின் கடைசி அரைமணியில் 70-க்கு இறங்கியிருந்தது. களைப்பு என்று நினைத்து, மிக்ஸரில் பேஸைக் கூட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். அன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஏழாம் மாதம் மருத்துவரிடம் போனார். கட்டைவிரல் பக்கத் தசைநாண் உறையில் வீக்கம். ஆறு வாரம் கையை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட், பிறகு பிசியோதெரபி. நான்கு நிகழ்ச்சிகளை ரத்து செய்தோம், புதிய பேஸ் கிட்டார் கலைஞரும் கிடைத்தார். முதல் வாரமே தேடியிருந்தால் முதல் வாரமே கிடைத்திருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

திரும்பி வந்தபோது சில விஷயங்களை மாற்றினோம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசிப்பது, முழங்கை மட்டத்துக்குக் கட்டைகள் வரும்படி ஸ்டாண்டின் உயரம், மேல்தட்டு அவர் பக்கமாகச் சாய்வு, ஆர்கனுக்கு இலகுவான கட்டைகள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது என்று ஒரு பேச்சு. வலி முழுமையாகப் போக ஏழு மாதம் ஆனது.

ஐந்தாம் வருடம்: காது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒத்திகை அறையில் அவருடைய இடம் டிரம்ஸுக்கு ஒட்டினாற்போல, க்ராஷ் சிம்பல் வலது காதிலிருந்து ஒரு மீட்டர் தூரம்கூட இல்லை. ஒருநாள் ஒத்திகை முடிந்து இரண்டு நாள் ஆகியும் காதில் ஙொய் என்ற சத்தம் நிற்கவில்லை. அப்புறம்தான் அந்த இடத்தில் மீட்டர் வைத்து அளந்தேன்: 103 டெசிபெல். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபெல்லுக்கு எட்டு மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100-க்கு 15 நிமிடம், 103-க்கு ஏழரை நிமிடம். நாங்கள் வாரம் இருமுறை மூன்று மணி நேரம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம்.

காது பரிசோதனையில் வலது பக்கம் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் தெரிந்தது. அதிக சத்தத்தால் வரும் பாதிப்பின் வழக்கமான அடையாளம் அது. இடத்தை மாற்றினோம், காதுக்குள் வைக்கும் மானிட்டர் வாங்கினார். முதலில் அதை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டார், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் அதில் ஒரு காது திறந்தே கிடக்கிறது, மற்றதில் ஒலியைக் கூட்டவும் வேண்டியிருக்கிறது. இரண்டு காதிலும் வைத்த பிறகுதான் பலன். அடுத்தடுத்த பரிசோதனைகளில் பள்ளம் ஆழமாகவில்லை. இரைச்சல் மட்டும் இன்றுவரை இருக்கிறது.

ஏழாம் வருடம்: எட்டு பார் முன்னிசை

மூன்றாவது ஆல்பத்தின் பதிவு நடந்துகொண்டிருந்தது. பாடகர் ஒரு பாட்டைக் கொண்டுவந்தார்: வரிகள் இருந்தன, மெட்டு இருந்தது, கார்டு வரிசை இருந்தது, தொடக்கம் மட்டும் இல்லை. இரவு மற்றவர்கள் போன பிறகு நானும் அவரும்தான் இருந்தோம். ஐந்து ஸ்வரங்கள் கொண்ட ஒரு சின்ன வடிவத்தை வாசித்துப் பார்த்தார். கீழே கார்டுகள் மாறிக்கொண்டே போக, மேலே அதே ஐந்து ஸ்வரம். இரண்டாம் முறை வரும்போது அதை அரை அடி தள்ளித் தொடங்கினார், அதே வடிவம் வேறு முகம் காட்டியது. மூன்றாவது டேக்கில் எட்டு பார், அதாவது எட்டு தாளச் சுற்று, முழுமையாக வந்தது. மறுநாள் அதைக் கேட்ட பாடகர் தன் பல்லவியின் கடைசி அடியை மாற்றி, அந்த ஐந்து ஸ்வரத்திலேயே வந்து விழும்படி செய்துகொண்டார். பிறகு நிகழ்ச்சிகளில் முதல் இரண்டு ஸ்வரம் கேட்டதுமே கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

பாட்டின் உரிமையைப் பதிவு செய்தபோது எழுதியவர்கள் என்று பாடகர், கிட்டார்காரர் இருவர் பெயர் மட்டும் போனது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல, முதல் ஆல்பத்திலிருந்தே அதுதான் வழக்கம். அவர் ஆல்பத்தின் உறையில் பார்த்தார், பதினான்கு மாதம் எதுவும் சொல்லவில்லை. ஏன் என்று பின்னால் கேட்டேன். "நான் வீட்டு ஆளா விருந்தாளியான்னே யாரும் சொல்லலையே, எந்த உரிமையில கேக்கறது?" என்றார்.

பிறகு அந்தப் பாட்டை ஒரு விளம்பரத்துக்கு வாங்கினார்கள், பணம் வந்தது, அவர் வாய் திறந்தார். இங்கே ஒன்றைத் தெளிவாக்கவேண்டும். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன: இயற்றப்பட்ட இசைக்கு ஒன்று, அதன் ஒலிப்பதிவுக்கு ஒன்று. வாசித்ததற்காக ஒலிப்பதிவில் அவருக்குப் பங்கு இருந்தது. இயற்றியவர் பங்கில் எதுவும் இல்லை, வேறு யாராவது அந்தப் பாட்டைப் பாடிப் பதிவு செய்தாலும் அவருக்கு எதுவும் வராது. கிட்டார்காரரின் வாதம் இது: "முன்னிசை அமைப்பது வாத்தியக்காரரின் வேலை. அதை இயற்றுவது என்றால் டிரம்மருக்கும் பங்கு கொடுக்கணுமே." அதை நான் பேராசை என்று சொல்லமாட்டேன். பல குழுக்களில் நேர்மையானவர்களே அப்படித்தான் நம்புகிறார்கள்.

இதே கேள்வி பிரிட்டனில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. புரோகால் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' 1967-இல் வந்தது. அதன் ஆர்கன் பகுதியை உருவாக்கிய மேத்யூ ஃபிஷர் 2005-இல்தான் வழக்குப் போட்டார். 2006-இல் உயர் நீதிமன்றம் அவரை இசையின் இணை ஆசிரியர் என்று ஏற்று 40 சதவீதப் பங்கு கொடுத்தது. 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இணை ஆசிரியர் என்பது சரி, ஆனால் இவ்வளவு தாமதமாக வந்ததால் பணம் இல்லை என்றது. 2009-இல், அப்போது அங்கே கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை பங்கைத் திருப்பிக் கொடுத்தது. அப்போதும் உரிமை கோரிய நாளிலிருந்துதான் பணம், அதற்கு முந்தைய முப்பத்தெட்டு வருடத்துக்குக் கிடையாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த முப்பத்தெட்டு வருடம் அவர் மனதில் தைத்துவிட்டது. வழக்குக்குப் போகப்போவதில்லை, பேசாமல் இருக்கவும் போவதில்லை என்று முடிவு செய்தார்.

மூன்று முறை உட்கார்ந்தார்கள். முதல் இரண்டும் கசப்பாக முடிந்தன. மூன்றாவதுக்கு நான் இரண்டு ஒலிப்பதிவுகளைக் கொண்டுபோனேன்: பாடகர் முதலில் தன் போனில் பதிவு செய்து அனுப்பியது, அப்புறம் அந்த இரவின் மூன்றாவது டேக். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். பாடகர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இந்த முன்னிசை இல்லாம இந்தப் பாட்டை நான் மேடையில பாடமாட்டேன். பாடினா அது வேற பாட்டு" என்றார். கிட்டார்காரர் முழுமனதாக இல்லாவிட்டாலும் ஒப்புக்கொண்டார்.

முடிவு: அந்தப் பாட்டின் இசையில் 20 சதவீதம் அவருக்கு. இனிமேல் ஒவ்வொரு பாட்டுக்கும் ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன் யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. பழைய பாடல்களைத் தொடுவதில்லை. அவற்றில் இன்னும் இரண்டில் அவருக்கு இதே அளவு உரிமை உண்டு என்பது என் கருத்து. அவர் விட்டுக்கொடுத்தார், அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஒன்பதாம் வருடமும் பிறகும்

ஒன்பதாம் வருடம் குழு அவரை முறைப்படி உறுப்பினராக்கி, லாபத்தில் சமபங்கு தருவதாகச் சொன்னது. எட்டு வருடத்துக்கு முன் சொல்லியிருக்கவேண்டியது. அவர் வேண்டாம் என்றார். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று சம்பளம், ஒத்திகை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இல்லை, இது போதும் என்றார். பிங்க் ஃபிளாய்டின் ரிச்சர்ட் ரைட்டை எல்லோரும் உதாரணம் காட்டினார்கள். 1979-இல் குழுவிலிருந்து விலக்கப்பட்டு, 1980, 81 நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார், அந்தச் சுற்றில் மற்றவர்களுக்கு நஷ்டம், சம்பளம் வாங்கிய அவருக்கு மட்டும் நஷ்டமில்லை. இதை ஆறுதலாகச் சொல்வார்கள். தான் சேர்ந்து தொடங்கிய குழுவில் பேச்சுரிமை இல்லாமல் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. நம்மவர் அதையும் யோசித்துத்தான் முடிவெடுத்தார். காதையும் கையையும் காப்பாற்றிக்கொள்ள அதுதான் வழி என்று தோன்றியிருக்கிறது.

பதினோராம் வருடம் நல்லபடியாகவே விலகினார். இப்போது வீட்டிலிருந்து மற்றவர்களின் பாடல்களுக்கு வாசித்து அனுப்புகிறார், முதல் ஸ்வரத்துக்கு முன் ஒப்பந்தம் போய்ச் சேர்ந்துவிடும். காலையில் ஒரு மணி நேரம் பியானோ, இரண்டு கையாலும், 88 கட்டைகளிலும்.

என்ன மாற்றியிருப்போம்

என் பக்கத்தில் இரண்டு. ஒருவருடைய ஒலியில் எதை வெட்டினாலும் அன்றைக்கே அவரிடம் சொல்கிறேன், அவர் எதிரில் வைத்தே வெட்டுகிறேன், அப்போது வாசிப்பிலேயே அதைச் சரிசெய்ய அவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. இன்னொன்று, வாசிப்பின் பலம் குறைந்தால் முதலில் ஆளைக் கேட்கிறேன், மிக்ஸரை அப்புறம் தொடுகிறேன்.

குழுவின் பக்கத்தில், கீபோர்டுக்காரர் எதையும் சமாளிப்பார் என்ற எண்ணத்தைத்தான் மாற்றவேண்டியிருந்தது. பேஸ் இல்லையா, அவர் இருக்கிறார். தொடக்கம் இல்லையா, அவர் இருக்கிறார். டிரம்ஸுக்குப் பக்கத்தில் யாருக்கும் நிற்கப் பிடிக்கவில்லையா, அவர் நிற்பார். அவரும் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை, சொல்ல அவருக்கு ஒரு நிலை இருந்ததா என்பதே கேள்விக்குறியாக இருந்தது. இதைப் படித்துவிட்டு அவர் சொன்ன ஒரே திருத்தம், வாய் திறக்கத் தாமதமானதில் தன் பங்கும் உண்டு என்று எழுதவேண்டும் என்பது. எழுதிவிட்டேன்.

அவருக்குப் பதிலாக ஒரு பெண் வந்திருக்கிறார். நம்மவர் இரண்டு வாரம் கூடவே உட்கார்ந்து அவருக்குப் பாடல்களைச் சொல்லிக் கொடுத்தார், எந்தப் பாட்டில் எந்த ஒலி, எங்கே இடது கை சும்மா இருக்கவேண்டும், எந்த அடியில் லெஸ்லியைத் தட்டவேண்டும் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதியும் கொடுத்தார். முதல் ஒத்திகையில் அந்தப் பெண் வயரைச் செருகும் முன், பாடகர் ஒரு பக்கத் தாளை அவர் கீபோர்டின் மேல் வைத்தார். நின்றபடியே படித்தார். இயற்றியவர் பங்கு பற்றிய ஒரு வரியை மாற்றச் சொன்னார். கிட்டார்காரர்தான் பேனா எடுத்து அதைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். பிறகு வயரைச் செருகினார், நான் அவருடைய ஒலியைத் திறந்தேன்.